மைனஸ் இரண்டு டிகிரித் தண்ணீர்

ரொட்டித் தொழிற்சாலையில் அவளைத் 'தட்டு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகத் தட்டு கழுவுகிறவள். கழுவிக்கொண்டே மாவு பிசைகிறவரின் கையைப் பார்த்துப் பார்த்து, மாவைத் தொட்டாலே அதன் சூட்டைச் சொல்லப் பழகியிருந்தாள். அவர் வேலையை விட்டு நின்றதும், அந்த இடம் தனக்கு வேண்டும் என்று போய்க் கேட்டாள்.

வந்து மூன்று மாதமே ஆன மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். பெயின்டில் ஒரே வரி:

தண்ணீர் = 75 − (ம + அ + உ)

"பிசைஞ்ச மாவு இருபத்தஞ்சு டிகிரியில வரணும். மூணு நாள் பாப்போம். ஒரு டிகிரி முன்னப்பின்ன இருக்கலாம். அதுக்கு மேல போனா திரும்பத் தட்டுதான், அக்கா."

ம, பிசைவதற்கு முன் மூட்டையிலிருக்கும் மாவின் சூடு. அ அறையின் சூடு. உ எந்திரம் உரசுவதில் ஏறும் சூடு. அது எப்போதும் பத்து. 75 என்பது மாவு, அறை, தண்ணீர் மூன்றுக்கும் தலா இருபத்தைந்து. மற்ற இரண்டையும் அன்றன்றைக்கு அளந்து போட வேண்டும். கணக்கில் எழுத்து கலந்த வருடம்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தாள். இப்போது அது அவ்வளவு மிரட்டவில்லை. எழுத்தும் ஒரு தட்டு மாதிரிதான்; தட்டு அதே தட்டு. இன்றைக்கு அதில் எதை வைக்கிறோம் என்பதுதானே வேறு.

ஆனாலும் வீட்டில் எழுதிப் பார்த்தபோது சறுக்கியது. மாவுக்கு 28, அறைக்கு 30 என்று போட்டவள், அடைப்புக்குறியை விட்டுவிட்டாள். 75 − 28 + 30 + 10. விடை எண்பத்தேழு.

கணவர் எட்டிப் பார்த்தார். "எண்பத்தேழு டிகிரியா? மாவைப் பிசையப் போறியா, அவிக்கப் போறியா?"

அவள் கையும் அதைத்தான் சொன்னது. அந்தச் சூட்டில் ஈஸ்ட் செத்துப்போகும். மறுபடி பார்த்தாள். மூன்று சூடும் மாவுக்குள்தான் வந்து சேருகின்றன. அப்படியானால் மூன்றையும் கூட்டி, மொத்தமாகக் கழிக்க வேண்டும். அறுபத்தெட்டு போக ஏழு. இப்போது கை ஒத்துக்கொண்டது.

முதல் நாள் மாவு இருபத்தைந்தில் வந்தது. இரண்டாம் நாள் இருபத்தாறு. மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. மாவு 33, அறை 34, எந்திரத்துக்குப் பத்து. மொத்தம் எழுபத்தேழு. எழுபத்தைந்தில் அதைக் கழித்து, பலகையில் −2 என்று சாக்பீஸால் எழுதிவிட்டு அப்படியே நின்றாள்.

அங்கேயே பொட்டலம் கட்டும் பக்கம் வேலை பார்க்கும் நாத்தனார் வந்துவிட்டாள். "என்ன அண்ணி, மைனஸ் தண்ணி எந்தக் குழாயில வரும்? பேசாம, இருக்கிற குளிர்ந்த தண்ணிய ஊத்துங்க."

"எங்கயோ தப்பு விட்டிருக்கீங்க," என்றார் மேற்பார்வையாளர்.

அவளுக்கு எண்பத்தேழு ஞாபகம் வந்தது. தெர்மாமீட்டரை மாவு மூட்டையில் திரும்பவும் சொருகினாள். 33. அறையும் அதே 34. எண்கள் அதனதன் இடத்தில் இருந்தன; அடைப்புக்குறியும் இருந்தது. கையை மூட்டைக்குள் விட்டாள். கதகதவென்று இருந்தது. இந்த முறை கை கணக்கோடு சண்டை போடவில்லை.

"தப்பு இல்ல சார். தண்ணி சைபருக்குக் கீழ போனா என்ன ஆகும்? கணக்கு ஐஸ் கேக்குது."

முன்னே பிசைந்தவர் வெயில் நாளில் ஐஸ் போடுவதை அவள் பார்த்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. அவர் செய்தபடியே, பன்னிரண்டு பங்கு குளிர்ந்த தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அதே எடைக்கு ஐஸ்தூளை நிறுத்துப் போட்டாள்.

எந்திரம் நின்றதும் மேற்பார்வையாளரே தெர்மாமீட்டரைச் சொருகினார். முள் இருபத்தைந்தைத் தொட்டு, மயிரிழை தாண்டி நின்றது. அவர் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தட்டுக்கு வேற ஆள் பாக்கணும்," என்றார்.

"இனிமே உங்கள என்னன்னு கூப்பிடுறது அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"அண்ணின்னே கூப்பிடு. அதையாவது ஒழுங்கா செய்."

ஈரத்துணியை எடுத்து 33, 34, −2 எல்லாவற்றையும் துடைத்தாள். ம, அ, உ மட்டும் பெயின்டில் பளிச்சென்று நின்றன. நாளைக்கு அறை என்ன சூட்டில் இருக்குமோ, அளந்துகொள்ளலாம்.