லாரிக்காரத் தம்பியின் கம்ப்யூட்டர்

என் சித்திக்கு நான்கு பிள்ளைகள். மூத்தவளை என் கொழுந்தனுக்கே கட்டியதில் தங்கையே எனக்கு ஓரகத்தியாக வந்தாள். மூன்றாவதாகப் பிறந்தவன் இந்தத் தம்பி. முப்பத்து நான்கு வருஷம் லாரி ஓட்டினான். ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூடச் சக்கரத்தை ஏற்றியதில்லை.

போன வருஷம் தலைக்குள் ஏதோ சின்ன அடைப்பு. கை கால் பிழைத்தது. இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போய்விட்டது என்றார் டாக்டர். லைசென்ஸும் போயிற்று. இவன் நம்பவேயில்லை. "எனக்கு எல்லாம் தெரியுது, டாக்டருக்குத்தான் கண்ணு தெரியல" என்பான். சுவரைப் பார்த்து உட்கார்ந்தே வருஷத்தைக் கழித்தான்.

அப்போதுதான் பழைய முதலாளி போன் செய்தார். "ஃபேக்டரிக்கும் குடோனுக்கும் நடுவுல பத்து கிலோமீட்டர். போலீஸ் நிக்காத ரோடு. லைசென்ஸ யார் கேக்கப் போறா? திங்கக்கிழமை வந்துடு."

அவன் பெண்டாட்டி என்னிடம் ஓடிவந்தாள். "அண்ணி, டிரைவர் சட்டைய எடுத்து இஸ்திரி போடறாரு. அந்த ரோட்டுல ஸ்கூல் இருக்கு. நான் வாயத் திறந்தா, 'முப்பத்து நாலு வருஷம்'னு ஆரம்பிச்சுடறாரு."

வெளியூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகளுக்குச் சொன்னோம். லாரி ஓட்டுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று இருக்கிறதாம், அந்த ஆசையை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளலாமாம். போனஸை அனுப்பினாள், விளையாட்டு ஸ்டியரிங் ஒன்றையும் அனுப்பினாள். "கம்ப்யூட்டர அப்பாவே பாத்து வாங்கட்டும்" என்றாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று நான்தான் முணுமுணுத்தேன். ஆனாலும் சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் கடைக்குப் போனோம்.

கடைக்காரப் பெண் கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகியிருந்தாள். தம்பி நேராகப் போய், கண்ணாடியும் கலர் விளக்குமாக நின்ற பெரிய பெட்டியை டயர் தட்டுவதுபோல் தட்டினான்.

"இதக் குடும்மா. சேசிஸ் பெருசா இருந்தாத்தான் நாளைக்குப் பெரிய என்ஜின் ஏத்தலாம்."

"அண்ணே, இது சேசிஸ் இல்ல, பாடி. அதுவும் பெயின்ட் அடிச்ச பாடி. பாதிப் பணத்த இதுவே முழுங்கிடும்."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இவ்ளோ நேரம் பாக்கல" என்றாள் அவன் பெண்டாட்டி.

"அப்ப சேசிஸ் எது?"

கடைக்காரப் பெண் ஒரு பச்சைப் பலகையை எடுத்து வைத்தாள். "இதுதான். மதர்போர்டு. எல்லாம் இதுமேலதான் உக்காரும்."

தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தப்பு புரிந்ததும் ஆளே மாறிவிட்டான். இப்போது சின்ன பிராசசர் போட்டால் நாளைக்குப் பெரியது ஏறுமா என்று கேட்டான். இந்தப் போர்டில் ஏறும், அந்த மலிவுப் போர்டில் ஏறாது என்றாள். கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம், படம் காட்டும் வேலையை இந்தப் பிராசசரே பார்த்துக்கொள்ளும் என்றாள். மெமரிக்கு நாலு இடம். இரண்டில் போட்டு இரண்டைக் காலியாக விட்டார்கள்.

"பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்கண்ணே."

"எனக்கா சொல்ற? நாளைக்கு ஏத்தற லோடுக்கு இன்னிக்கே பிரேக் பாக்கறவன்மா நான்."

கடைசியில் முன்பக்கம் வலை போட்ட சாதா கறுப்புப் பெட்டி. காற்று நன்றாகப் போகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துத்தான் சம்மதித்தான். "அடுத்த வருஷம் கார்டு. அதுக்கடுத்த வருஷம் பிராசசர்" என்றான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்து அழுத்தினாள். அடுத்த வாரத்தைப் பற்றிக்கூட ஒரு வருஷமாகப் பேசாத மனுஷன்.

ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டான்: "இது விளையாட்டு. திங்கக்கிழமை வேலை."

ஞாயிறு மத்தியானம் அந்தப் பெண்ணே வந்து எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். மரமெல்லாம் பச்சை டப்பா மாதிரி தெரிந்தது. ரோடு ரோடாகவே இருந்தது. தம்பி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டினான்.

"ஆளே இல்லாத ரோட்டுல யாருக்குங்க சிக்னல் போடறீங்க?"

"கை தானா போகுதுடி."

ஒரு நாற்சந்தி வந்தது. இடது பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கார் வந்துகொண்டிருந்தது. நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள். தம்பி வேகத்தைக் குறைக்கவேயில்லை. டமார்.

"எங்கேருந்துடா வந்தான்?"

"அப்பலேருந்தே வந்துட்டுதான் இருந்தான்" என்றேன்.

மறுபடி ஓட்டினான். மறுபடி இடது பக்கம். மூன்றாவது தடவையும் அப்படியே. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் வலது கண்ணையும் இடது கண்ணையும் மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தான். பிறகு போனைக் கேட்டான்.

"முதலாளி, இடது பக்கம் எனக்கு இல்ல. வேற ஆளப் பாருங்க."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எங்களுக்கே கேட்டது. "என்னப்பா, விளையாட்டுல இடிச்சதுக்கா வேலைய விடற?"

"விளையாட்டுல இடிச்சதாலதான் முதலாளி, போன் பண்ணிச் சொல்ல முடியுது."

போனை வைத்துவிட்டான். எனக்கு அந்தக் கடைக்காரப் பெண்ணை, மகளை, எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அவன் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையில் நசுங்கி நின்ற சின்னக் காரையே பார்த்தாள்.

"யார் பெத்த புள்ளையோ," என்றாள், "நல்லா இருக்கட்டும்."