தாளில் இல்லாத அரைமணி நேரம்

பத்ரிநாத்தில் கோயிலுக்குக் கீழே பெண்கள் குளிக்கிற வெந்நீர்க் குண்டத்தில் என் நாத்தனார் தங்கபுஷ்பம் மயங்கிச் சரிந்தாள். போன வருஷம் வைகாசி மாதம். அவளைச் சரிய வைத்தது நான். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் செந்திலாண்டவன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், நான் செய்ததை முதலில் சொல்லித்தான் ஆக வேண்டும். அடியார்கள் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு எதையும் மெதுவாகத்தான் சொல்ல வரும்.

நான் ஆறுமுகநேரியில் பிறந்து தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். பலசரக்குக் கடைக்காரர் வீட்டு மூத்த மருமகள். எங்கள் கோயில் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் முன்வரிசையில் நடு இடம் என்னுடையது. நான் வரப் பிந்தினாலும் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கணீரென்று பாடுவேன். எல்லாம் மனப்பாடம். எனக்கு வாசிக்கத் தெரியாது.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, உப்பளத்துக்குப் போனேன். என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன். எண் தெரியும், கடிகாரம் பார்ப்பேன். மற்றபடி எந்தத் தாளைப் பார்த்தாலும் கோலப்பொடி சிந்திக் கிடப்பது மாதிரிதான் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இது தெரியும். அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை. பக்கத்தில் இருப்பவள் பக்கம் திருப்பினால் நானும் திருப்புவேன். இப்படியே நாற்பது வருஷம் ஓட்டினேன்.

எனக்கு இரண்டு முழங்காலிலும் வலி. பத்ரிநாத்தில் பூமிக்குள்ளிருந்து தானாகவே வெந்நீர் வருகிறது, அதில் குளித்தால் மூட்டுப் பிடிப்பு விடும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. எங்கள் பகுதியில் யாத்திரை ஏற்பாடு செய்கிற ஒரு தம்பி முப்பது பேரைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். என்னைவிட அவருக்கு வயது குறைவு, இருந்தாலும் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கபுஷ்பத்தையும் துணைக்கு வரச் சொன்னேன். நான் சொன்னால் அவள் தட்ட மாட்டாள்.

அவள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவள். துறைமுகத்தில் வேலை பார்க்கிற அவள் மகன் ரயிலடிக்கு வந்திருந்தான். “அத்தை, அம்மாவ உங்கள நம்பித்தான் அனுப்புதேன்” என்றான்.

“நான் கூட இருக்கும்போது உனக்கென்னல பயம்” என்றேன்.

ரயிலில் மேலே வைத்திருந்த பை விழுந்து தங்கபுஷ்பத்தின் கண்ணாடி நொறுங்கிப் போனது. கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. “இனிமே எனக்கும் சேத்து நீங்கதான் பாக்கணும் மதினி” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பத்ரிநாத் போய் இறங்கியபோது குளிர் எலும்புக்குள் ஏறியது. மார்கழியிலும் மின்விசிறி போட்டுத் தூங்குகிற ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கள் இருவருக்கும் ஓர் அறை. அண்ணாச்சி ஓர் அறைக்கு ஒன்றாக, தன் கையால் எழுதிய தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் குளியலுக்கும் தரிசனத்துக்குமான விவரம் என்றார். தாளில் எண் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எழுத்து.

“என்ன போட்டிருக்கு மதினி, வாசிங்க” என்றாள் தங்கபுஷ்பம்.

பக்கத்து அறையில் பேச்சியம்மா இருந்தாள். எங்கள் வழிபாட்டுக் கூட்டத்துக்காரி, தையற்காரி, நன்றாக வாசிப்பாள். ஆனால் வாய் கத்தரிக்கோல். அவளிடம் இந்தத் தாளை நீட்டினால் ஊர் போய்ச் சேரும் முன் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தாளைத் தள்ளிப் பிடித்தேன். விரலை ஓட்டினேன்.

“காலையில வெறும் வயித்தோட போகணும். கழுத்தளவு தண்ணியில அரைமணி நேரம் இருக்கணும். அப்பந்தான் பலன். பொறவு சாமி தரிசனம்.”

அத்தனையும் என் தலையிலிருந்து வந்தது. திருச்செந்தூரில் கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, அதன் பிறகுதான் முருகனைப் பார்ப்போம். குளியலில் குறை வைத்தால் பலனிலும் குறையும் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தைத்தான் தாளிலிருந்து வாசித்தேன்.

“என் பிரஷருக்கு ஒண்ணும் போடலையா?”

“பிரஷருக்கு ரொம்ப நல்லதாம்” என்றேன்.

மறுநாள் காலையில் மற்றவர்கள் முன்னாலே குளித்துவிட்டுப் போய்விட்டார்கள். என் காலுக்குப் படி இறங்க நேரமானது. அவள் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பெண்களுக்குச் சுற்றிலும் சுவர் வைத்த தனித் தொட்டி. எதிர் மலையில் பனி, தொட்டிக்குள் எதிரே இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி. காலை வைத்ததும் எனக்குச் சுரீரென்றது. இடுப்பளவு இறங்கி ஒரு முங்கு போட்டேன். தாங்க முடியவில்லை. ஏறி, படியில் சேலையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்தேன்.

அவளை ஏறச் சொல்லவில்லை.

சிறிது நேரம் கழித்து அவள் கேட்டாள். “மதினி, தலை சுத்துது. ஏறிரட்டுமா?”

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து விரித்துப் பார்த்தேன். “இன்னும் நேரம் இருக்கு. அரைகுறையா ஏறாத” என்றேன். அவள் மறுபடியும் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தாள். பக்கத்தில் குளித்த வடக்கத்திப் பெண் ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே ஏறச் சொல்லிக் கை காட்டினாள். எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல் அவளுக்கும் கையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கபுஷ்பத்தின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனது. அந்த வடக்கத்திப் பெண்தான் பாய்ந்து தூக்கினாள். என்னால் எழுந்திருக்கக்கூட முடியவில்லை.

பக்கத்திலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அண்ணாச்சி ஓடி வந்தார்.

“பெரியம்மா, தாள் குடுத்தேன்லா? பிரஷர் உள்ளவங்க தொட்டிக்குள்ள இறங்கக் கூடாது, செம்புல மோந்து ஊத்திக்கிட்டா போதும், மத்தவங்க அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருக்கப்படாதுன்னு எழுதியிருந்தேனே. வாசிச்சீங்களா?”

“வாசிச்சேன்.”

“சொல்லியும் இறங்கிட்டாங்களா? எவ்வளவு நேரம் இருந்தாங்க?”

“அஞ்சு நிமிஷம்தான்” என்றேன்.

பாருங்கள். அவள் உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் நான் என் மானத்தைத்தான் பார்த்தேன்.

அண்ணாச்சி டாக்டரிடம் இந்தியில் பேசிவிட்டு வந்து சொன்னார். அஞ்சு நிமிஷக் குளியலில் இப்படி ஆகாதாம். இந்த உயரத்தில் இருதயமோ நுரையீரலோ சிக்கலாகியிருக்கலாம், அப்படியிருந்தால் குளுக்கோஸ் ஏற்றுவது ஆபத்து என்று யோசிக்கிறார்களாம். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனால் வழியில் மலை சரிந்து கல் விழுந்து கிடக்கிறது. ரோடு திறக்க மூன்று மணி நேரமாவது ஆகும்.

நான் அறைக்கு வெளியே நடையில் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருச்செந்தூர் இருக்கிற தெற்குப் பக்கம் திரும்பிக் கும்பிட நினைத்தேன். அந்த மலைக்குள் எது தெற்கு என்றுகூடத் தெரியவில்லை. முருகா, மொட்டை போடுகிறேன் என்றேன். பால்குடம் எடுக்கிறேன் என்றேன். நடந்தே வருகிறேன் என்றேன். ஒவ்வொன்றாக நேர்ந்துகொண்டே போனேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

என் கையில் இன்னும் அந்தத் தாள் இருந்தது. ஆவியில் நனைந்து மை கலைந்திருந்தது. நனையாதபோதும் எனக்கு அது அப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் உள்ளே ஏதோ உடைந்தது. நேர்த்தி எல்லாம் நின்றுபோனது. “முருகா, அவள எடுத்துக்கிட்டு என் பேரக் காப்பாத்திராத. என் வாயத் தொற” என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அறைக்குள் நடந்து போனேன். அண்ணாச்சி, டாக்டர், பேச்சியம்மா, இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

“அஞ்சு நிமிஷம் இல்ல தம்பி. அரைமணி நேரம். வெறும் வயிறு. பச்சத்தண்ணி குடிக்கல. பிரஷர் மாத்திரை மட்டும் போட்டிருந்தா. நான்தான் இருக்கச் சொன்னேன்.”

“தாள்ல அப்படி இல்லையே பெரியம்மா.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது” என்றேன்.

பேச்சியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அப்பம் வெள்ளிக்கிழமதோறும் பொஸ்தகத்த விரிச்சு வச்சு என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க?”

“ஒண்ணையும் பாக்கல, பேச்சி.”

அவள் கிட்டே வந்தாள். தன் கம்பளியைக் கழற்றி என் ஈரத் தோளில் போட்டாள். அது எனக்கு அடி மாதிரி இருந்தது.

அண்ணாச்சி சொல்லச் சொல்ல டாக்டர் முகம் மாறியது. மறுபடியும் பிரஷர் பார்த்தார்கள், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார்கள். சூட்டில் உடம்பு நீர் வற்றி, பிரஷர் இறங்கிப் போயிருக்கிறது என்றார்கள். உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். இரண்டாவது பாட்டில் பாதியில் தங்கபுஷ்பம் கண் திறந்தாள். “பஸ் போயிருச்சா மதினி?” என்று கேட்டாள்.

அன்று மதியம் அவளிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊர் வரும்வரை என்னோடு பேசவில்லை. ரயில் கோவில்பட்டி தாண்டும்போது மட்டும், ஜன்னலைப் பார்த்தபடி, “பத்து எட்டு வச்சா பக்கத்து ரூமு மதினி. பேச்சியக் கூப்பிட்டிருக்கலாம்லா” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் மகன் இன்றுவரை என் வீட்டுப் படி ஏறவில்லை. எதிரே வந்தால் வண்டியை நிறுத்தாமல் போகிறான். அது நியாயம். என் முழங்கால் வலியும் அப்படியே இருக்கிறது. நான் அதைப் பற்றி முருகனிடம் இப்போது கேட்பதில்லை.

வழிபாட்டில் நடு இடத்தை விட்டுவிட்டேன். தங்கபுஷ்பம்தான் ஒரு வெள்ளிக்கிழமை புதுக் கண்ணாடியோடு தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தை என் மடியில் விரித்து, பாடுகிற வரிக்குக் கீழே தன் விரலை வைத்தாள். மறு வெள்ளிக்கிழமையும் வைத்தாள். மழையிலும் வந்தாள். அப்படித்தான் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வந்தது, பிறகு எழுதவும் வந்தது.

அடியார்களே, முருகன் அன்று மலையிறங்கி வந்து யாரையும் தூக்கி நிறுத்தவில்லை. பூட்டிக் கிடந்த ஒரு கிழவியின் வாயைத் திறந்தான். அதற்குள் ஓர் உயிர் இருந்தது. உங்களுக்கும் ஏதாவது ஒன்று தொண்டையில் நின்றால் அவனிடம் கேளுங்கள். எதை நேர்ந்துகொள்ளலாம் என்று யோசிக்காதீர்கள். எதைக் கொடுக்க மனம் வரவில்லையோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அவன் கை விட மாட்டான்.

இதை எட்டு வாரமாக நானே எழுதினேன். தங்கபுஷ்பம் பிழை திருத்தித் தந்தாள். ஒரு வரியை மட்டும் அடித்துவிடச் சொன்னாள். தலை சுற்றுகிறது, ஏறட்டுமா என்று அவள் கேட்ட வரி. “அது வேண்டாம் மதினி. படிக்கவங்க உங்கள என்ன நினைப்பாங்க” என்றாள்.

அடிக்கவில்லை. மேலே அது அப்படியே இருக்கிறது.