இளைக்கிற மாத்திரை

என் மனைவி குண்டாக இருந்தது எனக்கு மட்டும்தான் குறையாகத் தெரிந்தது. பிள்ளை பெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. பூண்டும் நெய்யும் சுறாப்புட்டுமாகப் போட்டு என் அம்மா அவளைத் தேற்றியிருந்தாள். தெருவே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. நானோ பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரெஞ்சுக் கொடி இறங்கிய பிறகும் அதே அலுவலகத்தில் அதே மேசையில் குமாஸ்தாவாக உட்கார்ந்திருந்தேன். சைகோனிலிருந்து திரும்பியவர்களின் மனைவிமார் கவுன் போட்டுக்கொண்டு, கொடி போன்ற இடுப்போடு கடற்கரைச் சாலையில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து என் கண் கெட்டிருந்தது.

அறுபதாம் வருஷம், பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலு கொண்டாட்டத்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். கூட்டத்தில் என்னோடு வேலை பார்ப்பவர் எதிர்ப்பட்டார்.

"என்னாப்பா, ரெண்டு சம்சாரத்தோட வந்திருக்க?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஆமாண்ணே. பாதியை உங்க வீட்டு அக்காவுக்குக் குடுத்தனுப்பட்டுமா? பாவம், காத்தடிச்சா பறந்துடுவாங்க போல."

அவரும் சிரித்துவிட்டார். அவமானப்பட்டவன் நான் ஒருவன்தான்.

மறுநாளே வெள்ளைக்காரத் தெருப் பக்கம் இருந்த ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். இளைப்பதற்கான மாத்திரை அங்கே கிடைக்கும் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்வார்கள். டாக்டர் சீட்டெல்லாம் யாரும் கேட்பதில்லை. கடைக்காரர் குப்பியை எடுத்துவைத்துவிட்டு, "யாருக்கு முசியே?" என்றார்.

"தெரிஞ்சவங்களுக்கு."

"நெஞ்சு படபடங்கும், தூக்கம் வராது. பால் குடுக்கிற பொம்பளைங்க தொடவே கூடாது. சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்று வாங்கிக்கொண்டேன். அவளிடம் சொன்னது வேறு: "இது ரத்தத்துக்கு நல்லது. பிரெஞ்சு மருந்து." அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. படித்த புருஷன் கொண்டுவந்த மருந்து.

பசி அடங்கியது. தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். பால் வற்றி, குழந்தைக்கு டப்பாப் பால் வந்தது. நெஞ்சுக்குள் யாரோ இடிக்கிறார்கள் என்றாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றேன். ஐப்பசிக்குள் வளையல் முழங்கை வரை ஏறியது. எனக்கு அதில் மகிழ்ச்சி இருந்தது. ஒரு மாலை அவளோடு கடற்கரையில் நடந்தபோது யாரும் கேலி செய்யவில்லை என்பதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

குருசுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். கூடையை இறக்கியவள் மீனைக்கூடக் காட்டாமல் என் மனைவியையே பார்த்தாள்.

"என்னா தங்கச்சி, வஞ்சரம் மாதிரி இருந்தவ நெத்திலியா பூட்ட? இருமல் கிருமல் இருக்குதா?"

"மழைக்கு லேசா இருக்குதுக்கா."

"எங்க குப்பத்துல ஒருத்தி இப்படித்தான் இளைச்சா. பாத்துக்கோ தாயி."

என் அம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் இளைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு: எலும்புருக்கி, அதாவது சயரோகம். உடம்பை வேண்டுமென்றே இளைக்க வைப்பார்கள் என்பதை அங்கே ஒருவரும் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். அன்று மதியமே அவளுக்குத் தனித்தட்டு, தனிப்பாய். சாயங்காலம் குழந்தையை ரெட்டியார்பாளையத்தில் இருந்த என் அண்ணன் வீட்டுக்குத் தூக்கிப்போக அம்மா கிளம்பினாள். அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற சிப்பாய்; எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை.

"நான் தொடல அத்தே. அந்த மூலையில கிடக்கறேன். குழந்தை கண்ணுக்கு எதிர்ல இருந்தா போதும்."

"பச்சப்புள்ளைக்கு ஒட்டிக்கிச்சின்னா யாருடி பதில் சொல்றது?" என்ற அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ என்னாடா சொல்ற?"

மாத்திரைக் குப்பி உள்ளே அலமாரியில் இருந்தது. "கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். படம் பிடித்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு அவள் நாடியைப் பிடித்தார். முகம் மாறியது. என்னிடம் பிரெஞ்சில், இவள் ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்று கேட்டார். "நோன், தொக்தேர்" என்றேன். பிரெஞ்சு தெரியாத அவள் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அந்த மாத்திரையைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னா சொன்னாரு?"

"நல்லதுன்னாரு."

அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

படத்தில் ஒன்றுமில்லை என்று நான் சொன்னதை அம்மா நம்பவில்லை. "அந்த நோவு ஒளிஞ்சி ஒளிஞ்சி இருக்கும்டா" என்றாள். என் மனைவியும் அதையே நம்பினாள். ஒரு நாள் அவள் சமையலறையில் மயங்கி விழுந்ததைப் பார்த்துப் பயந்து, மாத்திரை இனிமேல் வராதாம், கப்பலில் சரக்கு வரவில்லை என்று சொல்லி நிறுத்தினேன். சில மாதங்களில் சதை பிடித்தது. முன்பு போலச் சிரிப்பு மட்டும் வரவில்லை. குழந்தை அண்ணன் வீட்டிலேயே வளர்ந்தது. அண்ணியைத்தான் அம்மா என்றது. நாங்கள் பார்க்கப் போனால், கவுனைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு அண்ணிக்குப் பின்னால் ஒளியும். இருமல்காரி கிட்டப் போகாதே என்று பேச ஆரம்பிக்கும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அறுபத்திரண்டில் ஊர் சட்டப்படியும் கைமாறியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணன் எடுத்துக்கொண்டு பிரான்சுக்குக் கிளம்பினார். குழந்தையையும் தங்கள் பிள்ளையாகவே அழைத்துப் போகிறோம் என்றார். என்னைக் கேட்டார். அவளை யாரும் கேட்கவில்லை. நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

புறப்படுகிற அன்று ரெட்டியார்பாளையத்து வீட்டு வாசலில் கார் நின்றது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"எனக்கு அந்த நோவு போயிடுச்சு இல்லீங்களா?"

உனக்கு அது வரவே இல்லை. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். அண்ணன், அண்ணி, அம்மா எல்லோரும் கேட்கிற தூரத்தில்தான் இருந்தார்கள்.

"போயிடுச்சு" என்றேன்.

"அப்ப ஒரு தடவை தூக்கிக்கட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவளே காரிடம் போய்விட்டாள். கையை நீட்டினாள். குழந்தை வீறிட்டு அழுது அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"பிரயாணம் போற நேரத்துல வேணாம்மா, பயப்படுது" என்றாள் அண்ணி. கடுமையாகச் சொல்லவில்லை.

அவள் கையை மடக்கிக்கொண்டு, முந்தானையால் தன் வாயை மூடிக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். அழுகையை மறைக்கத்தான் என்று முதலில் நினைத்தேன். அவள் அழவில்லை. குழந்தையின் மேல் தன் மூச்சு படக் கூடாது என்று மூடியிருந்தாள். கார் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் முந்தானையை எடுத்தாள்.