பச்சை அட்டை கட்டிய சீதாப்பழம்

அந்தச் சீதாப்பழத்தின் காம்பில் ஒரு பச்சை அட்டை நூலால் கட்டியிருந்தது. அட்டையில் ‘பாஸ்’ என்று அச்சிட்டு, அதற்குக் கீழே பரிசோதித்தவர் எண் பதினான்கு என்று ரப்பர் முத்திரை. நாச்சாரத்தில் நான் வேலை பார்த்த ஸ்விட்ச் தொழிற்சாலையில் ஒரு பெட்டிச் சரக்கு தேறிவிட்டது என்பதற்கு அடையாளம் அந்த அட்டைதான். பழத்துக்கு அதைக் கட்டியவர் என் சித்தி. கண்டுபிடித்தவர், எங்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி அனுப்பிய ஆடிட்டர். சரக்கைச் சூட்டில் வைத்துப் பார்க்கும் இரும்பு அலமாரியின் தலையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. ஸ்விட்ச் என்று நினைத்துத் திறந்தார். உள்ளே வைக்கோல், வைக்கோலுக்குள் ஏழு சீதாப்பழம், ஒன்றுக்கு மட்டும் பச்சை அட்டை. அவர் சிரிக்கவில்லை. போனை எடுத்து நான்கு பக்கமும் படம் பிடித்துக்கொண்டார்.

இப்போது என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் சிரித்து முடித்ததும், “ஒரு பழத்துக்காகவா இவ்வளவு?” என்று கேட்கிறார்கள். ஆமாம், ஒரு பழத்துக்காகத்தான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. தாத்தா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு இந்தத் தெலுங்கு நாட்டு ஊருக்கு வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக் டிப்ளமோவும் எழுதி முடித்தேன். சித்தி மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் அந்தத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தபோது, அவர் அங்கே ஸ்விட்சைத் தட்டித் தட்டிச் சத்தத்திலேயே பழுது கண்டுபிடிக்கிறவராகப் பேர் வாங்கியிருந்தார். அவர் தேற்றிய சரக்கின் காகிதத்தில் கடைசிக் கையெழுத்து என்னுடையது. வேலையிடத்தில் என்னை “சார்” என்று கூப்பிடுவார். முகத்தில் ஒரு குறும்பு இருக்கும். ஆனால் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவர் எனக்குச் சித்தி என்று மேனேஜரிடமும் நான் சொன்னதில்லை. படித்து வந்தவனுக்கு அப்போது அது தேவையில்லாத செய்தியாகத் தோன்றியது. இதை இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

அந்தக் கூடத்து ஜன்னல்களுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்திருப்பார்கள். வெளிச்சம் கண்ணில் அடித்தால் வேலை கெடுமாம். காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் மாலை ஐந்து வரை டியூப் லைட்தான். வெளியே தை மாதமா, ஆடி மாதமா என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் அந்த வரிசையில் உட்காரும் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பருவத்தின் முதல் வரவை யார் கண் பார்க்கிறதோ, அவர் அதைக் கொண்டுவந்து பத்து மணி டீக்கு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். சங்கராந்திக்கு முன்னால் இலந்தை. வெயில் ஏறும்போது தெலுங்குக்காரப் பெண்கள் துணியில் முடிந்து வரும் புளியங்கொழுந்து. பிறகு நுங்கு. வீட்டிலேயே தின்றுவிட்டு வருவது பெரிய குற்றம். அப்படிச் செய்தவளோடு ஒரு வாரம் பேச மாட்டார்கள். குளிர் தொடங்கிய ஒரு நாள், சித்தியின் பக்கத்து மேசைக்காரர், உருதில் அக்கா என்று எல்லோரும் ‘ஆபா’ போட்டுக் கூப்பிடுகிறவர், வெறுங்கையோடு வந்து, “என் கன்னத்தத் தொட்டுப் பாருங்க, பஸ் ஜன்னலோரம் உக்காந்து வந்தேன்” என்றார். பதினோரு பேரும் வரிசையில் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்குக் குளிர்காலம் வந்துவிட்டதாக முடிவாயிற்று.

சீதாப்பழம் கொஞ்சம் வீம்பு பிடித்தது. மேடுகளுக்கு இடையே கண் விட்ட காயாகப் பார்த்து வாங்கி, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு நாள் வைக்க வேண்டும். சூட்டு அலமாரியின் தலையைவிட அதற்கு நல்ல இடம் நாச்சாரத்திலேயே கிடையாது. பழுத்ததைச் சித்தி அமுக்கிப் பார்த்துப் பச்சை அட்டை கட்டிவிடுவார். அட்டை இல்லாததை யாரும் தொடக் கூடாது. இரண்டு வருடம் நானும் தின்றேன். கொட்டையைத் துப்ப ஆபா எனக்கென்று தனியாகக் காகிதம் மடித்துத் தருவார்.

ஆடிட்டர் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். பதினான்காம் எண்காரி, வேலையில் கவனக்குறைவாக இருந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு முத்திரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். “அவங்களுக்கு ஒரு பேர் காட்டணும், அவ்வளவுதான்” என்றார். கத்தவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

எங்கள் அறிக்கைப் படிவத்தில் ஐந்து கட்டங்கள் உண்டு. ஒரு தவறுக்கு ஏன் என்று கேட்டு, வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, இப்படி ஐந்து முறை கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்பது முறை. மறுநாள் டீ நேரத்தில் படிவத்தோடு சித்தியின் மேசைக்குப் போனேன்.

“சூட்டு அலமாரி மேல பழம் ஏன் வந்துச்சு?”

“பழுக்கத்தான். ஐஸ் பெட்டியிலயா வெப்பாங்க, சார்?”

“சரி. அட்டை ஏன் கட்டினீங்க?”

“பாத்தேன், நல்லா இருந்துச்சு, கட்டினேன். நான் கட்டின எந்த அட்டையாச்சும் பொய்யாப் போயிருக்கா, சொல்லு.”

“பழத்த இங்க ஏன் கொண்டாரணும்? வீட்ல தின்னக் கூடாதா?”

“வீட்ல யாரு கீறாங்க எனக்கு? எம் பொண்ணு அவ புருஷன் வீட்ல. எட்டு மணி நேரம் நான் கூட உக்கார்றது இவங்களோடதான்.”

ஆபா குறுக்கே வந்தார். “சாருக்கு ஒரு சுளை குடுங்க. நக்கோ, வேணாம்னு சொன்னா வாயில திணிங்க.” வரிசை முழுவதும் சிரித்தது. நான்காவது ஏன் கேட்டேன்: பருவம் வந்ததை இத்தனை பேருக்கும் ஏன் காட்ட வேண்டும்? சித்தி ஜன்னலைப் பார்த்தார். வெள்ளைப் பெயின்ட்.

“இதுக்குப் பின்னால இன்னா மாசம்னு நீ சொல்லுடா பாப்போம்.”

‘சார்’ போய்விட்டிருந்தது. ஐந்தாவது கட்டத்துக்கு நான் எதுவும் கேட்கவில்லை. மன்னிப்புக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். மேனேஜர் சொல்லி நானே நல்ல தெலுங்கில் அடித்துக் கொண்டுவந்தது. சித்தி அதை ஆபாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும் மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

“கவனக்கொறவுன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன். தப்பு பண்ணேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். கவனம் இல்லாம நான் ஒரு வேலையும் பண்ணதில்ல. போகச் சொன்னா போறேன். போ.”

அன்று வீட்டுக்குப் போய்ப் படிவத்தை விரித்தபோதுதான் ஒன்று உறைத்தது. பச்சை அட்டைகளை எண்ணிக் கொடுத்து, மிச்சத்தை எண்ணி வாங்க வேண்டியது தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் வேலை. அதாவது என் வேலை. மற்ற மேசைகளுக்கு எண்ணித்தான் கொடுத்தேன். சித்தி மேசைக்கு மட்டும் கட்டோடு தூக்கி வைத்துவிடுவேன், வீட்டில் அவர் எனக்குச் சோறு போடும்போது எண்ணாமல் போடுகிற மாதிரி. அவருக்கு ஒரு சலுகை காட்டிவிட்டு, அவர் எனக்கு யார் என்பதை மட்டும் மறைத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அறிக்கையில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். ஐந்து கட்டத்தில் நான்கில் சித்தி சொன்னது. ஐந்தாவதில், ஜன்னல்களில் பெயின்ட் அடித்திருப்பதால் உள்ளே இருப்பவர்களுக்குப் பருவம் தெரிவதில்லை என்று எழுதினேன். பொறுப்பான நபர் என்ற இடத்தில், அட்டைகளை எண்ணிக் கொடுக்காத என் பெயர். மேனேஜர் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அந்தப் பொம்பளை உனக்கு என்ன வேணும்?” என்றார். ஏளனமாகத்தான் கேட்டார்.

“என் சித்தி, சார்.”

மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டடத்துக்குள் அதைச் சொன்னேன். இன்னொரு தடவையும் சொன்னேன், வெளியே உட்கார்ந்திருந்த கிளார்க்குக்கும் கேட்கட்டும் என்று.

படித்தவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேர் ஒன்று கிடைத்துவிட்டதால் ஆடிட்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சித்தியின் வேலை போகவில்லை, முத்திரையும் அவரிடமே இருந்தது. கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஜன்னலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சித்தி எனக்கு நன்றி சொன்னார் என்று நினைக்க வேண்டாம். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், “எங்க வீட்ல மொத மொதல்ல காகிதத்துல எழுதின பேருடா அது. அதப் போய்க் கெடுத்துக்கினியே” என்றார். கெடவில்லை சித்தி என்றேன். அவர் நம்பவில்லை.

மறுநாள் பத்து மணிக்குப் பன்னிரண்டு பெண்களும் எழுந்து, கேட்டைத் தாண்டி ரோட்டோரம் போய் நின்று சீதாப்பழம் தின்றார்கள். டீக்கு விடும் பத்து நிமிடத்தில் போகவர நான்கு நிமிடம் போய்விடும். ஆறு நிமிடத்துக்காகத் தினமும் போனார்கள். நோட்டீஸில் ரோட்டைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. நானும் போய் நின்றேன்.

இப்போது நான் நகரத்தின் மேற்குப் பக்கம், ஒன்பதாம் மாடியில் வேலை பார்க்கிறேன். சுவரெல்லாம் கண்ணாடி. ஒன்றையும் திறக்க முடியாது. வருடம் முழுக்க ஒரே குளிர். எந்த மாதத்திலும் எந்தப் பழமும் போனில் கேட்டால் வருகிறது. பெரிய வாழ்க்கையைப் பிடிக்க வந்துவிட்டு இன்னும் சின்னச் சின்ன விஷயத்தில் நிற்கிறாயே என்று ஒரு நண்பன் கேட்டான். சின்ன விஷயம் என்றால் அதை ஏன் முதலில் பிடுங்குகிறார்கள் என்று திருப்பிக் கேட்டேன்.

சித்தி இப்போது நகரத்தின் வடக்கே அல்வாலில் மகள் வீட்டில் இருக்கிறார். போன ஜூனில் ஒரு மதியம் ஆபீஸ் கூட்டத்தின் நடுவே அவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

“டேய், இங்க மழ புட்ச்சிக்கிச்சு. உங்க பக்கம் வந்துதா?”

“பாத்துச் சொல்றேன் சித்தி.”

எழுந்தேன். எங்கே என்று கேட்டார் எங்கள் தலைவர். மழை வந்துவிட்டதா பார்க்கப் போகிறேன் என்றேன். திரையில் கணக்குப் படங்கள் பாதி வரை ஓடியிருந்தன. யாரோ போனைத் தூக்கிக் காட்டி, மழைக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். போனை வைக்காமலே லிப்ட்டில் இறங்கி வெளியே வந்தேன். வானம் கறுத்திருந்தது, காற்று நின்றிருந்தது, செக்யூரிட்டிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் வரல சித்தி.”

“வரும். நில்லு.”

நின்றேன்.