விரிசல் விழுந்த தட்டு

1952இல் நியூயார்க்கில், பழைய ஜாஸ் பதிவுகளை எல்.பி. இசைத்தட்டுகளாக மறுபடி வெளியிட்ட சிறு நிறுவனமொன்றில் ஒலிப்பதிவாளராக இருந்தார் வெர்னர் காட்ஸ். ஹார்லெமிலிருந்து ஒடெஸா கிரம்ப் கொண்டுவந்த தட்டில் விரிசல் ஓடியிருந்தது. அவருடைய மறைந்த கணவர் கிளாரினெட் வாசித்த தட்டு. வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை.

“ஊசி வச்சா உடைஞ்சாலும் உடையும்மா.”

“பொட்டிக்குள்ள கெடந்தா மட்டும் பாடுமாக்கும்? வைங்க சார்!”

வெர்னர் மூச்சையடக்கி ஊசியை இறக்கினார். ஒவ்வொரு சுற்றுக்கும் விரிசல் ‘டக்’கென்றது. கிளாரினெட் எழுந்ததும் ஒடெஸா மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். கடைசி ஸ்வரமும் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டேப்பில் பதிந்தது. தட்டைத் தூக்கியபோது அது இரண்டாகப் பிளந்தது. வெர்னருக்கு முகம் வெளிறிவிட்டது.

“வாசிச்சு முடிச்சிட்டாருல்ல, விடுங்க,” என்றார் ஒடெஸா. “அட்டையில சைலஸ் கிரம்ப்னு பேரைப் போடுங்க. இந்தத் தட்டு வந்தப்ப யாரும் போடல.”

புது எல்.பி.யின் அட்டையில், வாசித்தவர்கள் வரிசையில் வெர்னர் அதையே முதல் பெயராக அச்சிடவைத்தார்.