புகை வந்த கப்பல்

அன்று மழையில் நின்றுகொண்டு கற்பூரம் காட்டிய என் அம்மாவுக்கு உண்மை தெரியுமா, தெரியாதா? அம்மா இப்போதும் ஜொகூரில், கெலாங் பாத்தாவில் நன்றாகத்தான் இருக்கிறார். நான் கேட்டுப் பார்க்காமலும் இல்லை. கேட்கும்போதெல்லாம், "அந்த மழையில என்னா தெரியும்? பிள்ளைக்குச் சோறு ஊட்டிட்டியா?" என்று வேறு பக்கம் போய்விடுவார். நானும் மகள் எத்தனை வாய் சாப்பிட்டாள், எதைத் துப்பினாள் என்று சொல்லத் தொடங்கிவிடுவேன்.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் செய்தியைச் சொன்னார். ஏதோ ஒரு தூர தேசத்தின் விமானந்தாங்கிக் கப்பல் வயதாகி ஓய்வு பெற்றுவிட்டதாம். உடைத்து இரும்பாக்குவதற்காக அதை இந்தியாவின் மேற்குக் கரைக்கு இழுத்துக்கொண்டு போகிறார்களாம். வழியில் இழுவைக் கம்பி பழுதாகி, இப்போது ஜொகூர் பக்கம் நங்கூரம் போட்டிருக்கிறதாம். எந்த நாட்டுக் கப்பல் என்றும் அப்பா சொன்னார். எனக்கு மறந்துவிட்டது. அல்லது அவரே தப்பாகச் சொல்லியிருக்கலாம்.

"எஞ்சின் கிடையாது, கரண்டு கிடையாது, பொட்டுப் புகை வராது. செத்த கப்பல்" என்றார் அப்பா. "வெளக்கு எரியுதா, உள்ள தண்ணி ஏறுதா, கம்பி சரியா இருக்கானு பார்த்துக்க ஆளு வேணுமாம். நம்ம பட்டறையில ஆறு பேரு ஏறிப் போறோம்."

"வெளக்கு வைக்கிற நேரத்துல செத்தது கித்ததுனு சொல்லாதீங்க" என்றார் அம்மா. அந்தச் சொல்தான் அவர் காதில் முதலில் விழுந்தது. 'ஏறிப் போறோம்' என்பது கொஞ்சம் தாமதமாக விழுந்திருக்க வேண்டும். தீக்குச்சியைக் கிழித்தவர் விளக்கில் வைக்க மறந்து, விரலைச் சுட்டுக்கொண்டார்.

என் காதில் விழுந்தது வேறு. அந்தக் கப்பலை வெட்டப் போகிறார்கள்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் மாமாவின் பழைய காரை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. செனாயில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். இழுவை லாரி காரைத் தூக்கியபோது அதன் பின்சீட்டில் என் குடை கிடந்தது. சிவப்புக் குடை. மேலே பூனைக் காது வைத்தது. நான் கத்தினேன், யாரும் கவனிக்கவில்லை. போன இடத்தில் காரை நசுக்கிவிட்டார்கள் என்று மாமா பிறகு சொன்னார். குடை வரவே இல்லை. ஆக, உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள் என்று நம்புவதற்கு எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அன்று மாமாவும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். சாப்பிடும்போது கேட்டேன்: "உள்ள இருக்கிறவங்கள எறக்கிட்டுத்தானே வெட்டுவாங்க?"

மாமாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. "அலமாக்! மச்சான், உங்களையும் சேர்த்து பழைய இரும்புக் கடையில நிறுத்துப் போட்டுருவாங்கனு பிள்ளை பயப்படுது லா!"

அப்பாவும் சிரித்தார். "நான் என்ன குடையாம்மா, மறந்து உள்ளயே விட்டுட்டு வர?"

குடை அவருக்கு நினைவிருந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். ஆனால் எப்படித் திரும்பி வருவார் என்பதை யாரும் சொல்லவில்லை. கப்பல் திரும்பாது, அது எனக்குத் தெரியும். 'அங்கிருந்து பிளேனில் வந்துவிடுவார்' என்று ஒரு வாக்கியம் போதும். பெரியவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அப்பா கிளம்பிய காலையில் பட்டறை வேன் வாசலுக்கு வந்தது. அம்மா ஒவ்வொரு டயருக்கும் அடியில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். வேனை ஓட்டி வந்த சீனர் பழக்கப்பட்டவர். பொறுமையாக எல்லாவற்றையும் நசுக்கிவிட்டுத்தான் வேகமெடுத்தார். வேன் முனையில் திரும்பி மறைந்த பிறகுதான் அம்மாவின் முகம் மாறியது.

"டேய் தம்பி, வேனுக்குத்தானேடா கண்ணு கழிச்சேன்? கப்பலுக்கு ஒண்ணுமே செய்யலியே!"

"கப்பலுக்கு டயர் எங்கக்கா இருக்கு?" என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. அதன் பிறகு சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவ்வளவு பெரிய கப்பல், எத்தனை துறைமுகத்தில் எத்தனை பேர் கண் பட்டிருக்கும், அதெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிற இரும்பின் மேல் போய் இவர் படுத்துத் தூங்குவாரே என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கடலில் அப்பாவின் கைப்பேசிக்கு லைனும் கிடைக்கவில்லை.

மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பட்டறையில் தெரிந்தவர் ஒருவர் மூலம் விசாரித்து வந்தார். சனிக்கிழமை பின்னேரம் அந்தக் கப்பல் குக்குப் கரையைத் தாண்டி மலாக்கா நீரிணைக்குள் போகுமாம். கரையில் நின்றால் பார்க்கலாமாம். "அங்கருந்தே கழிச்சு விட்டுரலாம்கா. டயரும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை, தொழிற்சாலை வேனின் பின்சீட்டில் ஒரு வெள்ளைப் பூசணிக்காயை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு நான் குக்குப்புக்குப் போனேன். மாமா யாரிடமோ ஒரு தொலைநோக்கி இரவல் வாங்கியிருந்தார். அதில் ஒரு கண்ணில் மட்டும்தான் தெரியும்.

நாங்கள் போய் நின்றது சதுப்பு மரங்களுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பலகைத் துறை. அங்கே பாக்சிக் என்று நாங்கள் அழைத்த ஒரு மலாய்ப் பெரியவர் தன் படகின் எஞ்சினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொன்னார். பாக்சிக் பூசணிக்காயைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பலகை பற்றிக்கொள்ளும் என்று, கற்பூரம் ஏற்ற ஒரு பெயிண்ட் டின் மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

கடலில் கப்பல்களுக்குப் பஞ்சமில்லை. மாமா ஒவ்வொன்றையும் ஒற்றைக் கண்ணால் சோதித்து, இது இல்லை, அது இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தார். பிறகு சுமத்ரா பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்றும் மழையும் ஒன்றாக அடித்தன. அந்த மழைக்குள்ளிருந்து நீளமாக, தட்டையாக ஒன்று நகர்ந்து வந்தது.

"அக்கா! அதோ! மேல ஒண்ணுமே இல்ல பாரு, ஃபுட்பால் ஆடுற பாடாங் மாதிரி! அதுதான்!"

"இழுக்கிற படகு எங்கடா?"

"மழையில மறைச்சிருக்கும்கா. அவ்ளோ பெரிய கப்பல் முன்னால அது கொசு மாதிரி. எங்க தெரியும்?"

தொலைநோக்கி என்னிடம் வந்தபோது கண்ணாடி முழுக்கத் தண்ணீர். அதை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். கப்பலின் பின்கோடியிலிருந்து கறுப்பாகப் புகை எழுந்துகொண்டிருந்தது.

பொட்டுப் புகை வராது என்று அப்பா சொல்லியிருந்தார். அப்பா இரும்பு வெட்டுவதை ஒரு முறை பட்டறை வேலியோரம் நின்று நான் பார்த்திருக்கிறேன். முதலில் தீப்பொறி வரும், பிறகு இப்படித்தான் புகை வரும். எனக்குப் புரிந்துவிட்டது. கரை சேரும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை.

"அம்மா, புகை வருது! வெட்ட ஆரம்பிச்சுட்டாங்கம்மா! அப்பா உள்ள இருக்காரும்மா!"

நான் அலறியதில் மாமாவே பயந்து போனார். அம்மா இரண்டு கையிலும் பூசணிக்காயை ஏந்தியபடி அந்தக் கப்பலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல் இப்போது தோன்றுகிறது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்பா சமைக்கிறாரும்மா" என்றார். "மணி என்னா ஆச்சு? ஆறு பேருக்கு ஆக்க வேணாமா?"

அப்பா சம்பல் வதக்கினால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முன் கதவு, பின் கதவு இரண்டையும் திறந்து வைத்தாலும் புகை போகாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருமுவார்கள். நான் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா சமைக்கிறார். அப்படியென்றால் யாரும் எதையும் வெட்டவில்லை. அதைப் போன்ற நிம்மதி அதன் பிறகு என் பிரசவத்தின்போதுதான் கிடைத்தது.

அம்மா மாமாவைக் கற்பூரம் ஏற்றச் சொன்னார். அது இரண்டு முறை அணைந்து மூன்றாம் முறை பிடித்தது. பூசணிக்காயைக் கப்பலுக்கு நேராகச் சுற்றி, ஓங்கித் துறையின் பலகையில் போட்டு உடைத்தார். அப்போது பாக்சிக் பக்கத்தில் வந்து கடலைக் காட்டி ஏதோ சொன்னார். அம்மா தணிந்த குரலில் ஏதோ பதில் சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாக்சிக் என்னைப் பார்த்தார். பிறகு கிரீஸ் கையைத் தலைக்கு மேல் தூக்கி, அவரும் அந்தக் கப்பலைப் பார்த்து ஆட்டத் தொடங்கினார்.

"அதோ மச்சான் கை ஆட்டுறாரு!" என்று மாமா கத்தினார். நானும் பார்த்தேன். அவர் போட்டிருந்த நீலச் சட்டையைக்கூடப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் பொந்தியானில் அம்மா ஒரு தட்டு மீ கோரேங்கை முழுதாகச் சாப்பிட்டு, மாமாவின் தட்டிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து அப்பா தாடியோடு டாக்சியில் வந்து இறங்கினார். முதல் வேலையாக அவர் விரல்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. கப்பலின் ஏதோ ஒரு கதவிலிருந்து கழற்றிய பித்தளைத் தகடு ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். அதிலிருந்த எழுத்தை எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. இன்றும் அது அம்மாவின் அடுப்படிக் கதவில்தான் இருக்கிறது. 'கழிவறை' என்று எழுதியிருக்கக்கூடும்.

தேத்தண்ணி குடிக்கும்போது அப்பா கதை சொன்னார். மேல்தளத்தில் கண்டெய்னரில் செய்த ஒரு பெட்டி வீடு வைத்துக் கொடுத்திருந்தார்களாம், அதற்குள் கேஸ் அடுப்பு. காற்று அடித்தால் கீழே காலியாகக் கிடந்த அறைகளெல்லாம் முனகுமாம். கடைசியில் கடல் நீர் பெருகும் நேரம் பார்த்துக் கரையேற்றியபோது, மாடு பெருமூச்சு விட்டுப் படுப்பது போல ஒரு சத்தம் வந்ததாம். அதன் பிறகு அவர்கள் கயிற்று ஏணியில் இறங்கி, பஸ் பிடித்து, பிளேன் பிடித்து வந்துவிட்டார்கள். பிளேன்! எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"குக்குப்ல நாங்க கை ஆட்டுனமே, பார்த்தீங்களா மச்சான்?" என்றார் மாமா.

"எப்ப?"

"சனிக்கிழமை பின்னேரம். மழையில."

அப்பா யோசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "சனிக்கிழமை நாங்க நங்கூரமே தூக்கலியேடா. காத்து சரியில்லனு நிறுத்தி வெச்சுட்டாங்க. குக்குப்ப தாண்டறப்போ நல்ல இருட்டு. நீங்க பார்த்தது மண்ணு ஏத்திப் போற கப்பலா இருக்கும்."

"அட, எவனோ ஒருத்தனோட மண்ணு கப்பலுக்கா பூசணிக்காய் ஒடைச்சோம்!" என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "பார்த்துக்க, அவன் கம்பெனி இந்நேரம் எங்கியோ போயிருக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நீலச் சட்டையை நான் பார்த்தேனே.

"அன்னைக்கு நீங்க சமைச்சீங்களா?" என்று கேட்டேன்.

"தினம் நான்தாம்மா சமைச்சேன்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையும்தான். சம்பல் வதக்கி எல்லாரையும் இரும வெச்சேன்."

எனக்கு அது போதுமாக இருந்தது. அம்மா சொன்னது சரி, கப்பல்தான் வேறு. அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அப்போது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. ஏன் அப்படிப் பார்த்தார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தோன்றுகிறது. புகை வராது என்று அப்பா சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தார். இழுக்கிற படகு எங்கே என்று அவரேதான் கேட்டார். பாக்சிக் கடலைக் காட்டி அவரிடம் என்ன சொன்னார், பிறகு ஏன் கையை ஆட்டினார்? ஆனால் வேறு கப்பல் என்று தெரிந்த ஒருவர் பூசணிக்காயை அத்தனை பலமாக ஓங்கி உடைப்பாரா? அதுவும் தெரியவில்லை. உடைப்பார் என்றும் சில நேரம் நினைக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற வாரம் என் கணவர் சரவாக் பக்கம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைக்கு வேலைக்குப் போனார். செனாயில் அவரை இறக்கிவிட்டு, விமான நிலைய வேலிக்கு வெளியே மகளோடு நின்றேன். கடலுக்கு நடுவில் வீடு இருந்தால் விழுந்துவிடாதா என்று காலையிலிருந்து கேட்டு அழுதுகொண்டிருந்தாள். ஒரு விமானம் எழுந்தது. "அதுலதானே அப்பா?" என்றாள். என் கையிலிருந்த கைப்பேசியில் அப்போதுதான் செய்தி வந்திருந்தது: 'டிலே. இன்னும் காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கேன்.'

"ஆமாம்மா" என்றேன்.

அவள் இரண்டு கையையும் தூக்கி, விமானம் புள்ளியாகி மறையும்வரை ஆட்டினாள். காரில் ஏறியதும் தூங்கிவிட்டாள். அன்று முழுக்க அழவில்லை.

பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று நான் படித்த எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கிறது. அன்று மாலை அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். "தூங்கிட்டாளா?" என்றார். தூங்கிவிட்டாள் என்றேன். "அப்புறம் என்ன?" என்றார்.

கணவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், தினமும் பேசுகிறார். அடுத்த மாதம் வந்துவிடுவார். வந்ததும் விமானம் தாமதமான கதையைச் சொல்வார். அவரும் என் அப்பாவைப் போல எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவர். அப்போது என் மகள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அதற்கு முன்பே நானாகச் சொல்லிவிடுவதா, அல்லது அவளே கேட்கும்வரை பொறுத்திருப்பதா? பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டால் சோறு ஊட்டிவிட்டாயா என்றுதான் கேட்பார்.