பாப்பாவின் பச்சை ஜாக்கெட்

மத்திகிரிக்குக் குடிவந்து மூன்று வருடமாகியும் நாங்கள் கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பார்க்கப் போனதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் தேவாலயத்தையும் அதை ஒட்டிய தெருக்களையும் விளக்குகளால் நிறைத்துவிடுவார்கள். சுற்றுவட்டாரமே அங்கு வந்து நிற்கும். அந்தக் கூட்டம்தான் எனக்குப் பயம்.

அக்டோபரில் ஒருநாள் சந்தையில் நான் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் நான்கு வயது மகளைக் காணவில்லை. இரண்டே நிமிடம்தான். அடுத்த கடைத் தார்ப்பாய்க்குப் பின்னால் கோழிக்குஞ்சு பார்த்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு வெளியே போனால் அவள் கையை நான் விட்டதே இல்லை.

இந்த வருடம் அவள் பிடிவாதத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு, கூட்டத்தில் மறுபடி தொலைந்தால், இந்தக் குளிருக்கு இருமல் வந்தால் என்ன செய்வது, சொல்லியிருக்கக் கூடாதோ என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. என் கணவர் கம்பெனியில் போட்டுப் பழசான பச்சை ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டை வெட்டிச் சிறிதாக்கி, அவள் சிவப்பு ஸ்வெட்டருக்கு மேல் போடுகிற மாதிரி தைத்தேன். வெளிச்சம் பட்டால் முன்னும் பின்னும் வெள்ளிப்பட்டை மின்னும். எங்கே நின்றாலும் எனக்குத் தெரியும்.

கணவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாப்பாவை ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட அனுப்புறியா? ஹெல்மெட்டும் எடுத்துட்டு வரவா?"

அவள் உண்மையாகவே ஹெல்மெட் கேட்டு அழுதாள்.

விளக்கு பார்க்கப் போன அன்று, காலை ஷிஃப்ட் முடித்து வந்தவர், இருட்டத் தொடங்கியதும் பைக்கில் எங்களைத் தெருமுனையில் இறக்கிவிட்டு வண்டி நிறுத்த இடம் தேடிப் போனார். தலைக்கு மேலே நீலமும் மஞ்சளுமாகச் சரவிளக்குகள். காகித நட்சத்திரங்கள் காற்றில் மெல்லச் சுழன்றன. வந்தது நல்லதுதான் என்று முதல் தடவையாக நினைத்தேன். அப்போது போன் அடித்தது. கணவர், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று கேட்டார். போனை எடுக்க மகளின் கையை விட்டேன். பேசிவிட்டுத் திரும்பினால் அவள் இல்லை.

பச்சை ஜாக்கெட்டைத் தேடினேன். கூட்டத்தை ஒழுங்குபடுத்த நின்ற வாலண்டியர்கள் அத்தனை பேரும் பச்சை ஜாக்கெட் போட்டிருந்தார்கள். பார்த்த பக்கமெல்லாம் வெள்ளிப்பட்டை மின்னியது. நான் இரண்டு மாதமாகப் பயந்தது இதைத்தான். தைத்ததற்குப் பதில் சிவப்பு ஸ்வெட்டரோடு விட்டிருக்கலாமோ என்று அந்த ஓட்டத்திலும் யோசித்தேன்.

திடீரென்று மைக்கில் பாட்டு நின்றது.

"ஒரு அம்மாவைக் காணோம்ங்க. மஞ்சள் சால்வை போட்டிருப்பாங்களாம். அவங்க ரொம்பப் பயப்படுவாங்க, சீக்கிரம் வரச் சொல்லுங்கன்னு பாப்பா சொல்லுது. கிறிஸ்துமஸ் குடில்கிட்ட வாங்கம்மா."

மாநில எல்லை ஊர் என்பதால் பிறகு அதையே கன்னடத்தில் சொன்னார்கள், தெலுங்கிலும் சொன்னார்கள். மூன்று மொழியிலும் நான் தொலைந்துபோயிருந்தேன். என் சால்வையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடி எல்லோரும் வழிவிட்டார்கள்.

குடிலுக்குப் பக்கத்தில் பச்சை ஜாக்கெட் போட்ட ஓர் இளைஞரின் கையைப் பிடித்தபடி அவள் நின்றாள். நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்துவிட்டாளாம். திரும்பிப் பார்த்தால் என்னைக் காணோமாம். "இவங்க அப்பா கம்பெனி மாமா" என்று அவரை எனக்கு அறிமுகம் செய்தாள். அவள் ஜாக்கெட்டை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று அவர் கேட்டார். நானே தைத்தது என்று அழுதுகொண்டே சொன்னேன்.

கணவர் மூச்சிரைக்க வந்தார். அவருக்கும் அறிவிப்பு கேட்டிருக்கிறது. "ஏம்மா, கிடைச்சிட்டியா?" என்று என்னிடம் கேட்டார்.

"அம்மாவுக்கும் ஒரு ஜாக்கெட் தைக்கணும்ப்பா" என்றாள் மகள்.

குடிலில் வைக்கோல் மேல் படுத்திருந்த ஆட்டுக்குட்டி பொம்மைகளைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். என் கை தானாக அவள் கையைத் தேடிப் பிடித்தது. பிறகு விட்டேன். அவள் தனியாகவே முன்னால் போனாள். முதுகில் பட்டை மின்னிக்கொண்டே போனது. நான் பின்னாலேயே நடந்தேன். இரண்டடி பின்னால்தான்.